வட கடலில் ஏர்கன் ஆய்வு: இரவில் கடல் விலங்குகளை எப்படிக் கண்காணிப்பது?

அலைவாய்: பிரிட்டன் பகுதி வட கடலில் எண்ணெய் தேட ஏர்கன் (அழுத்திய காற்றைத் திடீரென வெளியேற்றி, கடலடியை ஆராயப் பலத்த ஒலி எழுப்பும் கருவி) வெடிக்கும்போது திமிங்கலம், ஓங்கில்களுக்கு என்ன பாதுகாப்பு? இருட்டிவிட்டால்?

நீரோட்டம்: ஜே.என்.சி.சி. (பிரிட்டன் அரசின் இயற்கைப் பாதுகாப்பு ஆலோசனை அமைப்பு) வழிகாட்டுதல்தான் அடிப்படை. தொடங்குமுன் கண்காணிப்பாளர் 30 நிமிடம் தேட வேண்டும். கடலின் ஆழம் 200 மீட்டரைத் தாண்டினால் 60 நிமிடம். நெடுநேரம் முங்கியிருக்கும் இனங்கள் அங்கேதான். ஏர்கன் வரிசையின் நடுவிலிருந்து 500 மீட்டருக்குள் ஏதாவது தெரிந்தால், அது விலகி 20 நிமிடம் கழித்தே தொடங்கலாம். அப்போதும் சின்ன ஏர்கனில் ஆரம்பித்து, குறைந்தது 20 நிமிடம் எடுத்து முழுத் திறனுக்கு ஏற்ற வேண்டும்.

செவிமீன்: இரவிலும் மூடுபனியிலும் கப்பலுக்குப் பின்னால் ஹைட்ரோபோன் (நீருக்கடி மைக்) கேபிளை இழுத்துக் கேட்பார்கள். கோளாறு வரும் இடம் இதுதான்: ஹார்பர் போர்பாய்ஸ் (ஓங்கில் போன்ற சிறிய கடல் பாலூட்டி) எழுப்பும் 'கிளிக்' சுமார் 130 கிலோஹெர்ட்ஸ். மாதிரி வீதத்தில் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறோம் என்பது) பாதி வரையுள்ள ஒலிதான் பதிவாகும்; 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் 24-க்கு மேல் எதுவும் சிக்காது; திரை அமைதியாகவே இருக்கும், விலங்கு பக்கத்தில் நீந்தும். மாதிரி வீதம் 260 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேண்டும், 500 வைப்பது நல்லது. அவ்வளவு உயர்ந்த ஒலி சில நூறு மீட்டரிலேயே தேய்ந்துவிடும் என்பதால் கப்பல் இரைச்சலையும் கவனியுங்கள். சத்தமே போடாத விலங்கை இந்த முறை பிடிக்காது.

நீரோட்டம்: சரியாகச் சொன்னீர்கள். இன்னொரு ஓட்டை: முழுத் திறனில் வெடித்துக்கொண்டிருக்கும்போது விலங்கு 500 மீட்டருக்குள் வந்தால் நிறுத்தியே தீர வேண்டும் என்று இந்த வழிகாட்டுதல் கேட்பதில்லை. என்னைக் கேட்டால், அனுமதி நிபந்தனையிலேயே அதைச் சேர்க்க வேண்டும்.

அலைவாய்: நன்றி. துளையிடும் கட்டத்தில்?

செவிமீன்: அது ஓஸ்பார் (வடகிழக்கு அட்லாண்டிக் கடலைப் பாதுகாக்கும் நாடுகளின் ஒப்பந்தம்) விதி. துளையிடப் பயன்படும் எண்ணெய்ச் சேறு ஒட்டிய பாறைத்தூளில் உலர் எடையில் 1 சதவீதத்துக்கு மேல் எண்ணெய் இருந்தால் கடலில் கொட்டக்கூடாது.