ஆட்டிசம் மூளையில் எப்போது தொடங்குகிறது? வீட்டில் சொல்லப்படும் காரணங்களில் எது உண்மை?

கேள்வி: திருமங்கலத்துத் தந்தை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகனுக்கு மூன்று வயது நடக்கிறது. சென்ற மாதம் மதுரையில் குழந்தை நரம்பியல் மருத்துவர் ஒருவர் அவனைப் பார்த்து, மதிப்பீடுகள் செய்து, ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார். ஒன்றரை வயதுக்கு முன்பு ‘அம்மா’, ‘தா’, ‘பூ’ என்று சில சொற்களைச் சொன்னவன் அவன். பிறகு அவை ஒவ்வொன்றாக நின்றுபோயின. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதும் குறைந்தது.

என் மனைவி எனக்கு அக்கா மகள். சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படி ஆயிற்று என்று உறவில் ஒரு சாரார் சொல்கிறார்கள். கருவுற்றிருந்தபோது அவள் ஓயாமல் செல்போன் பார்த்தாள் என்கிறார் என் தாயார். ஒன்றரை வயதில் போட்ட தடுப்பூசிதான் காரணம் என்கிறார் என் சித்தப்பா. கிரகணத்தன்று வாசலுக்கு வந்தாள் என்றுகூட ஒருவர் சொன்னார். எந்தக் காரணத்தைச் சொன்னாலும் பழி கடைசியில் அவள் மீதுதான் வந்து விழுகிறது. என் தாய்க்கு அவள் மருமகள் மட்டுமல்ல, மகள் வயிற்றுப் பேத்தியும்கூட. அதனால் இந்தப் பேச்சு எங்கள் குடும்பத்தை இரண்டு பக்கமும் அறுக்கிறது.

மூளை வளர்ச்சி பற்றிய ஆராய்ச்சி இதைக் குறித்து என்ன சொல்கிறது என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டும். இது கருவிலேயே தொடங்கிவிடுகிறதா, பிறந்த பிறகு வருவதா? மூளையை ஸ்கேன் எடுத்தால் தெரியுமா? ஆறுதலுக்காக எதையும் சொல்ல வேண்டாம். உள்ளதைச் சொன்னால் போதும்.

பதில்: உடற்கூறியல் ஆசிரியர் (ஓய்வு), மதுரை

தம்பி, கருவில் மூளை வளரும் வரிசையிலிருந்து தொடங்குகிறேன். அது தெரிந்தால் உங்கள் வீட்டில் சொல்லப்படும் காரணங்களில் எது நிற்கும், எது நிற்காது என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

பெருமூளையின் வெளி அடுக்கான புறணிக்கு உரிய நரம்பணுக்களில் மிகப் பெரும்பாலானவை, தாயின் வயிற்றில் ஆறு மாதம் நிறைவதற்குள் பிறந்துவிடுகின்றன. மூளையின் உட்குழிகளை ஒட்டிப் பிறக்கும் அவை வெளிப்புறம் நோக்கி ஊர்ந்து சென்று ஆறு அடுக்குகளாக அமைகின்றன. ஆழத்து அடுக்குகள் முதலில் அமைய, பின்னால் பிறந்த அணுக்கள் அவற்றைக் கடந்து மேலே செல்கின்றன. ஆட்டிசத்தோடு தொடர்புடைய மரபணுக்கள் வளரும் மூளையில் எங்கே, எப்போது சேர்ந்து செயல்படுகின்றன என்று தேடிய இரண்டு ஆய்வுகள் 2013ஆம் ஆண்டு ‘செல்’ ஆய்விதழில் வெளியாயின. இரண்டுமே கருக்காலத்துப் புறணியைத்தான் சுட்டின.

இறந்துபோன குழந்தைகளின் மூளைத் திசுக்களை ஆராய்ந்தவர்களும் அதே காலத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். ஆட்டிசம் இருந்த 7 சிறுவர்களின் முன்மூளைப் புறணியில் நரம்பணுக்களின் எண்ணிக்கை, ஒப்பிடப்பட்ட மற்ற 6 சிறுவர்களைவிட 67 விழுக்காடு கூடுதலாக இருந்ததாக அமெரிக்க ஆய்வாளர் எரிக் கூர்ஷேன் குழுவினர் 2011இல் எழுதினார்கள். இந்த வகை அணுக்கள் பிறப்புக்குப் பின் புதிதாக உண்டாவதில்லை. ஆகவே மிகுதியாக இருந்தவை கருவிலேயே உண்டாகியிருக்க வேண்டும். 2014இல் வெளியான இன்னோர் ஆய்வில், ஆட்டிசம் இருந்த 11 குழந்தைகளில் 10 பேரின் புறணியில் அடுக்குகளின் ஒழுங்கு சிறு சிறு திட்டுகளாகக் கலைந்திருந்தது. ஆட்டிசம் இல்லாத 11 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி இருந்தது. இவை மிகச் சிறிய எண்ணிக்கைகள் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மூளைத் திசு எளிதில் கிடைப்பதில்லை. இத்தகைய ஆய்வு ஒன்று வந்த மறுநாளே ‘ஆட்டிசத்தின் காரணம் கண்டுபிடிப்பு’ என்று தலைப்பிடும் செய்திகள் பெற்றோருக்குத் தீங்கே செய்கின்றன. ஆனாலும் வேறு வேறு முறைகளில் நடந்த ஆய்வுகள் ஒரே காலத்தைச் சுட்டும்போது அதை ஒதுக்கிவிட முடியாது.

மரபணுப் பக்கத்தில் எண்ணிக்கை பெரிது. 2020இல் 35,000க்கும் மேற்பட்டோரின் மரபணுத் தொகுதிகளை அலசிய ஆய்வு, 102 மரபணுக்களை ஆட்டிசத்தோடு இணைத்தது. அவற்றில் பெரும்பான்மை இரண்டு வகைக்குள் அடங்கும். ஒரு வகை, பிற மரபணுக்கள் எப்போது விழிக்க வேண்டும் என்று ஆளுபவை. மற்றது, நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசும் சினாப்ஸ் இணைப்புகளில் வேலை செய்பவை.

இனி சொந்தத்தில் கட்டியது பற்றி. தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் பிறக்கும் குழந்தைக்கு, எந்த ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. அத்தை மகள், மாமன் மகள் திருமணங்களில் அது பதினாறில் ஒன்று. இதனால் ஒடுங்கிய நிலையில் கடத்தப்படும் நோய்கள், அதாவது இரண்டு பிரதிகளும் பழுதாக இருந்தால் மட்டுமே தலைகாட்டும் நோய்கள், வெளிப்படும் வாய்ப்பு உண்மையாகவே கூடுகிறது. உறவுமுறைத் திருமணங்கள் மிகுந்த குடும்பங்களை ஆராய்ந்து, 2008இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு ஆட்டிசத்துக்கும் அப்படிச் சில மரபணுக்களைக் கண்டது. எனவே அந்தப் பேச்சைப் பொய் என்று நான் தள்ள மாட்டேன். ஆனால் ஆட்டிசத்தில் அந்த வழியாக வருவது சிறு பகுதிதான். உறவில் மணம் செய்வது அரிதான அமெரிக்காவில், 2022ஆம் ஆண்டின் கணக்குப்படி 8 வயதுக் குழந்தைகளில் 31 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் கண்டறியப்பட்டிருக்கிறது. பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றும் மரபணு மாற்றங்களும் ஒரு காரணம். அவற்றில் பெரும்பாலானவை தந்தையின் விந்தணு வழியே வருகின்றன என்றும், தந்தையின் வயது ஓராண்டு கூடினால் சராசரியாக இரண்டு மாற்றங்கள் கூடுகின்றன என்றும் 2012இல் ஐஸ்லாந்தில் நடந்த ஆய்வு காட்டியது. பழியைத் தாய் மீது மட்டும் போடுகிறவர்கள் இதையும் கேட்க வேண்டும்.

தாய் மீது பழி போடுவது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. 1950களிலும் 60களிலும் மேலைநாட்டு மனநல மருத்துவர்கள் பலரே, பாசமற்ற தாய்மார்களால்தான் ஆட்டிசம் வருகிறது என்று எழுதினார்கள். எத்தனையோ தாய்மார்கள் அந்தக் குற்றச்சாட்டைச் சுமந்தே வாழ்ந்தார்கள். அந்தக் கருத்தின் அடித்தளத்தை அசைத்தவற்றுள் முக்கியமானது, 1977இல் பிரிட்டனில் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை. ஒரே கருமுட்டையில் பிறந்த 11 இணைகளில் 4 இணைகளில் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது. இரு கருமுட்டைகளில் பிறந்த 10 இணைகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. இரு வகை இரட்டையரும் ஒரே தாயிடம்தான் வளர்கிறார்கள்; மரபணு ஒற்றுமைதான் முதல் வகையில் கூடுதல். 2019இல் ஐந்து நாடுகளில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்தவர்கள், ஆட்டிசத்துக்கான வாய்ப்பு மனிதருக்கு மனிதர் வேறுபடுவதில் ஏறத்தாழ 80 விழுக்காடு மரபுவழிப்பட்டது என்று கணித்தார்கள்.

பதில்: பேச்சுப் பயிற்சியாளர், கே.கே. நகர்

ஆசிரியர் ஐயா கருக்காலத்தைச் சொல்லிவிட்டார்கள். பிறந்த பிறகு நடப்பது குறித்து நான் எழுதுகிறேன், ஏனெனில் பெற்றோர் குழம்புவது அங்கேதான். சொற்கள் ஒன்றரை வயதில் நின்றதால் கோளாறும் ஒன்றரை வயதில்தான் தொடங்கியது என்று நினைப்பது இயல்பு. ஆனால் வெளியே தெரியும் நாளும் உள்ளே தொடங்கிய நாளும் ஒன்றல்ல. 2013இல் வெளியான ஆய்வில், பின்னாளில் ஆட்டிசம் கண்டறியப்பட்ட குழந்தைகள் பிறரின் கண்களைப் பார்ப்பது 2 மாதத்துக்கும் 6 மாதத்துக்கும் இடையிலேயே குறையத் தொடங்கியிருந்தது. 2017இல், ஆட்டிசம் உள்ள அண்ணனோ அக்காவோ இருக்கும் கைக்குழந்தைகளை எம்.ஆர்.ஐ. எடுத்துத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் பின்னாளில் ஆட்டிசம் கண்டறியப்பட்டவர்களுக்கு 6 முதல் 12 மாதத்துக்குள் புறணியின் பரப்பு வேகமாக விரிந்திருந்தது. அதையடுத்த ஆண்டில் மூளையின் பருமன் மிகுந்தது. பேச்சு நிற்பதற்கு வெகு முன்பே நடந்தவை இவை.

தடுப்பூசி பற்றி உங்கள் சித்தப்பாவுக்குச் சொல்லுங்கள். தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசியின் இரண்டாம் தவணை 16 முதல் 24 மாதத்துக்குள் போடப்படுகிறது. சொற்கள் நிற்பதைப் பெற்றோர் கவனிப்பதும் அதே வயதில்தான். இரண்டும் ஒரே காலத்தில் வருவதால் ஒன்றால் மற்றொன்று விளைந்ததாகத் தோன்றுகிறது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்த ஆய்வு 2019இல் வந்தது. தட்டம்மைத் தடுப்பூசி போட்டவர்களுக்கு ஆட்டிசம் கூடவில்லை. இந்தச் சந்தேகத்தைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட ‘லான்செட்’ இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

மல்லிகைச் செடியைக் கவாத்து செய்தால்தான் நன்றாகப் பூக்கும் என்பது நம் பக்கத்து விவசாயிகளுக்குத் தெரியும். மூளையும் சிறுவயதில் தேவைக்கு மேல் சினாப்ஸ்களை உண்டாக்கி, பிறகு பயன்படாதவற்றைக் கழித்துவிடுகிறது. நியூயார்க்கில் 2014இல் நடந்த ஆய்வில், சிறுவயதுக்கும் பதின்வயதுக்கும் இடையே சினாப்ஸ்கள் அமையும் சிறு முட்களின் அடர்த்தி மற்றவர்களுக்கு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருக்க, ஆட்டிசம் உள்ளவர்களுக்கு 16 விழுக்காடுதான் குறைந்திருந்தது. கருவில் தொடங்கும் மாறுதல் பிறந்த பின்னும் ஏன் தொடர்ந்து விரிகிறது என்பதற்கு இது ஒரு விளக்கம்.

உங்கள் மகனை ஸ்கேன் எடுத்து ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்க இன்று வழியில்லை. நடத்தையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். வலிப்பு போன்ற வேறு ஐயம் இருந்தால் மட்டுமே மருத்துவர் எம்.ஆர்.ஐ. கேட்பார். காரணம் தெரிந்த பிறகு பயிற்சியைத் தொடங்கலாம் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். இந்த வாரமே தொடங்குங்கள். செல்போன் இந்த நிலையை உண்டாக்கியதற்குச் சான்று இல்லை. ஆனாலும் திரையில் கழியும் நேரம் முழுவதும் அவனோடு நீங்கள் பேசாத நேரம் என்பதால் அதைக் குறையுங்கள்.

பதில்: மேலூர் அம்மா

சகோதரரே, என் மகனுக்கு இப்போது 17 வயது. என் அனுபவத்தில் உங்களுக்குப் பயன்படக்கூடிய ஒன்று இருக்கிறது. மரபணுப் பரிசோதனை செய்து பாருங்கள் என்று எங்களிடம் நெடுநாள் யாரும் சொல்லவில்லை. பின்னர் ஒரு மருத்துவர், எங்கள் அக்காவின் மகனும் பேச்சுத் தாமதமானவன் என்று கேட்டறிந்து, ஃப்ராஜைல் எக்ஸ் பரிசோதனைக்கு எழுதினார். அதுதான் இருந்தது. எக்ஸ் குரோமோசோமில் ஒரு மரபணுவின் தொடக்கத்தில் மூன்றெழுத்துக் கோவை ஒன்று 200 தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வந்துவிட்டால் அந்த மரபணு அடங்கிப்போகிறது. சினாப்ஸ்களுக்கு வேண்டிய ஒரு புரதம் கிடைக்காமல் போகிறது என்று விளக்கினார்கள். 55 முதல் 200 வரை இருப்பவர்கள் அதைத் தாங்கிச் செல்கிறார்கள். நானும் என் அக்காவும் அப்படிப்பட்டவர்கள். சொந்தத்தில் மணம் செய்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை. என் கணவர் அயல் குடும்பத்தவர்.

அந்த ஒரு தாள் என் மகனின் பயிற்சியில் பெரிதாக எதையும் மாற்றவில்லை. ஆனால் என் தங்கை திருமணத்துக்கு முன் பரிசோதித்துக்கொள்ள முடிந்தது. ஆட்டிசம் உள்ள எல்லோருக்கும் இப்படி ஒரு விடை கிடைக்காது. பலருக்கு அறிக்கையில் ஒன்றும் இருப்பதில்லை. இருந்தாலும் நீங்கள் கேட்டுப் பாருங்கள். போகுமுன் மூன்று தலைமுறைக்கு யாருக்குப் பேச்சுத் தாமதம், யாருக்கு வலிப்பு, எந்தக் குழந்தை தவறிற்று என்று குறித்துக்கொண்டு போங்கள். உங்கள் தாயாரை விட இதைத் தெரிந்தவர் இருக்க முடியாது.

இன்னொன்று. ஸ்டெம் செல் ஊசி போட்டால் மூளை திருந்தும் என்று எங்களிடமும் வந்து சொன்னார்கள், பணமும் பெரிதாகக் கேட்டார்கள். ஆட்டிசத்துக்கு அது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை அல்ல. ரத்த நோய்கள் சிலவற்றைத் தவிர மற்றவற்றுக்கு ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாக விற்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகளில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உங்களைத் தேடியும் வருவார்கள்.

கேள்வி கேட்டவர்: திருமங்கலத்துத் தந்தை

மூவருக்கும் நன்றி. இரட்டையர் ஆய்வைப் பற்றிய பகுதியை என் தாயாருக்கு இன்று மாலை வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டார், பதில் சொல்லவில்லை. ஆனால் என் மனைவி கேட்ட கேள்வி இது: இரண்டாவது குழந்தை பெற்றுக்கொண்டால் அதற்கும் வருமா? தடுக்க ஏதேனும் வழி உண்டா?

பதில்: உடற்கூறியல் ஆசிரியர் (ஓய்வு), மதுரை

ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பின் பிறந்த 664 தம்பி தங்கைகளைத் தொடர்ந்து கவனித்து 2011இல் வெளியிட்ட கணக்கில், 18.7 விழுக்காட்டினருக்கு ஆட்டிசம் கண்டறியப்பட்டது. பின்னால் பிறந்த ஆண் குழந்தைகளுக்கு இது கூடுதல், பெண் குழந்தைகளுக்குக் குறைவு. இது பல குடும்பங்களின் சராசரிதான். உங்கள் மகனிடம் புதிதாகத் தோன்றிய மாற்றம் ஒன்று காணப்பட்டால் அடுத்த குழந்தைக்கான வாய்ப்பு இதைவிட மிகக் குறையும். இருவரிடமும் ஒளிந்திருந்த ஒடுங்கிய மரபணு என்றால் நான்கில் ஒன்றாகிவிடும். நீங்கள் தாய்மாமன் முறை என்பதால், முடிவெடுக்குமுன் மகனுக்கு மரபணுப் பரிசோதனை செய்து, மரபியல் ஆலோசகரைப் பார்த்துவிடுவதே சரி.

தடுக்கும் வழி என்று உறுதியாக எதையும் சொல்ல முடியாது. தவிர்க்கக்கூடியவை சில உண்டு. வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் மருந்தைக் கருக்காலத்தில் உட்கொண்டால் ஆட்டிசத்துக்கான வாய்ப்பு கூடுகிறது என்று டென்மார்க் பதிவுகள் 2013இல் காட்டின. உங்கள் மனைவி அதை எடுத்துக்கொண்டிருந்தால், தாமாக நிறுத்தாமல், கருவுறுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். கருவில் ருபெல்லா தாக்கிய குழந்தைகளிடம் ஆட்டிசம் மிகுதியாக இருந்ததை 1971இலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். ருபெல்லாவுக்கான நோய் எதிர்ப்பு உங்கள் மனைவியிடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து, தேவையானால் தடுப்பூசி போட்டு, அதன் பின் ஒரு மாதமாவது கழித்துக் கருவுறலாம்.

ஃபோலிக் அமில மாத்திரையைக் கருவுறுவதற்கு முன்பே தொடங்கச் சொல்வது நரம்புக் குழல் குறைபாட்டைத் தடுப்பதற்காக. மூளையும் தண்டுவடமும் உருவாகும் அந்தக் குழல் கருவுற்ற நான்கு வாரத்துக்குள் மூடிவிடுகிறது. பலருக்கு அப்போது கருவுற்றதே தெரிந்திருக்காது. அப்படி முன்கூட்டித் தொடங்கிய தாய்மார்களின் குழந்தைகளிடம் ஆட்டிசத்தின் கடுமையான வகை பாதி அளவே காணப்பட்டதாக, நார்வேயில் 85,176 குழந்தைகளைப் பார்த்த ஆய்வு 2013இல் சொன்னது. மாத்திரைதான் அதைக் குறைத்தது என்று அந்த ஒரு ஆய்வைக் கொண்டு முடிவு கட்ட முடியாது. எனினும் வேறு காரணத்துக்காகவே எடுக்க வேண்டிய மாத்திரை அது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கேட்டுப் பெறலாம்.