துப்பறியும் கதை, சாகசக் கதை படித்துவிட்டு நீங்கள் செய்த காரியம் என்ன?

அரசலாற்றான்

முப்பத்தைந்து வருடமாக யாரிடமும் சொல்லாதது. இரும்புக்கை மாயாவியை இங்கே யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழே அவர்தான். எங்கள் கைக்கு வந்தபோது அட்டை போய், நாலு வீடு சுற்றி வந்திருந்தது. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்து கை மட்டும் தெரியும். எங்களுக்கு அது போதும்.

கும்பகோணத்துக்குத் தெற்கே சித்தப்பா வயல், மோட்டார் கொட்டகை, கோடை விடுமுறை. தம்பிக்கு ஒன்பது வயது. சிகரெட் டப்பா ஈயத்தாளை வலது கை முழுக்கச் சுற்றிக்கொண்டான். மும்முனை மின்சாரம் அப்போது முறை வைத்துத்தான் வரும். அந்த நேரத்தில் இல்லை என்பது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொட்டபடி கண்ணை இறுக்க மூடி, "அண்ணே, நான் தெரியிறேனா?" என்றான்.

"கை மட்டும் தெரியுதுடா" என்றேன்.

நேரே வீட்டுக்குப் போனான். திண்ணையில் அப்பாயி. அவர் எதிரிலேயே டப்பாவுக்குள் கையை விட்டு முறுக்கு எடுத்தான். மூடி சத்தம் கேட்டாலே வைகிறவர், அன்றைக்கு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அதோடு அவன் முழுசாக நம்பிவிட்டான்.

மறுநாள் மதியம் அவனைக் காணோம். வாய்க்காலில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மோட்டார் ஓடுகிறது என்றால் கரண்ட் இருக்கிறது. வரப்பில் எப்படி ஓடினேனோ தெரியாது. கொட்டகைக்குள் அவனுடைய ஈயத்தாள் கை, எதிரே மூடியில்லாத ஃபியூஸ் கட்டை, இரண்டுக்கும் நடுவே ஒரு சாண். கண்ணை மூடினால் இன்னும் அந்த ஒரு சாண்தான் தெரிகிறது. சட்டையைப் பிடித்து இழுத்து ஓர் அறை விட்டேன். எதற்கு அறைந்தேன் என்று இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை.

காயில் கட்டுபவன்

ஈயத்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள், அது அலுமினியம். மின்சாரத்துக்கு அதைவிட நல்ல பாதை வேண்டுமா? காமிக்ஸைக் குறை சொல்லாதீர்கள், கொட்டகையைச் சொல்லுங்கள். இன்றைக்கும் மோட்டார் காயில் கட்ட நான் போகிற கொட்டகைகளில் பல அப்படித்தான். ஃபியூஸுக்கு மூடி கிடையாது, ஃபியூஸ் கம்பி போட வேண்டிய இடத்தில் கையில் கிடைத்த தடித்த செம்புக் கம்பி. எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டு, கோடையில் அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். காய்ந்த மண்ணில் எர்த் சரியாக வேலை செய்யாது. ஸ்டார்ட்டர் முன்னால் காய்ந்த பலகை ஒன்று போடுங்கள், ஈரக்காலோடு நிற்காதீர்கள். அப்புறம் வீட்டுக்கு: கரண்ட் அளவு மீறினால் தானாக அணைகிற எம்சிபி இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கிறார்கள். அது வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. கசிவைப் பார்த்து அணைக்கிற ஆர்சிசிபி தனி, 30 மில்லியாம்பியர் என்று கேட்டு வாங்குங்கள். அதில் டெஸ்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும், அவ்வப்போது அமுக்கிப் பாருங்கள். யாருமே அமுக்குவதில்லை.

என் அனுபவம்: பற்பசை டப்பாவில் இரண்டு கண்ணாடித் துண்டைச் சாய்த்து ஒட்டிப் பெரிஸ்கோப் செய்தேன். மதில் மேல் நீட்டினேன். பக்கத்து வீட்டு அக்கா அதன் வாயில் சாணியை அப்பிவிட்டார்.

வடகரைவாசி

காயில் கட்டுபவரே, கேட்டது அனுபவம்.

எங்களுக்கு மாயாவி இல்லை, ஆங்கிலக் கதைகளில் துப்பறிகிற பெண் நான்சி ட்ரூ. அவளுக்கு நீலக் கார், எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு வாடகை சைக்கிள், ஒரு கோடு போட்ட நோட்டு. ஊர் மன்னார்குடி. சந்தேக நபர், கோடி வீட்டுப் பெரியவர். பொழுது சாய்ந்தால் தூக்குவாளியோடு ஹரித்ராநதிப் பக்கம் போவார் (வெளியூர்க்காரர்களுக்கு: பேர்தான் நதி, அது தெப்பக்குளம்). பின்தொடர்ந்தோம். ஒரு சந்து, ஓட்டு வீடு, திறந்த ஜன்னல். கயிற்றுக்கட்டிலில் ஒரு வயதான அம்மா. அவர் ரசம் சாதத்தைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மாதான் எங்களை முதலில் பார்த்தது. "யாரு வீட்டுப் பொண்ணுங்க? உள்ள வாங்க, சாப்டீங்களா?"

ஓடி வந்து நோட்டில் எழுதினேன்: மணி 7.10. பெண். வயது 60க்கு மேல். மறுநாள் அம்மாவிடம் பெருமையாகப் படித்துக் காட்டினேன். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்த அம்மா பெரியவருடைய அக்காவாம். வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டதால் வீட்டில் தலைமுழுகிவிட்டார்களாம். வீட்டுக்குத் தெரியாமல்தான் சோறு கொண்டு போயிருக்கிறார். அப்புறம் தூக்குவாளி எங்கள் தெருவைத் தாண்டிப் போகவே இல்லை. அந்த அம்மா என்ன சாப்பிட்டாரோ.

நான்சியாக இருந்தால் இப்போது என்ன செய்வாள் என்று கேட்டு, புத்தகத்தில் இருந்த விலாசத்துக்கு அந்த எழுத்தாளர் பேரில் கடிதம் போட்டேன். பதில் வரவில்லை.

படித்ததோடு சரி

பதில் எப்படி வரும்? நான்சி ட்ரூ அட்டையில் எழுத்தாளர் என்று போட்டிருக்கும் கரோலின் கீன் என்று ஓர் ஆளே கிடையாது. அமெரிக்காவில் ஸ்ட்ரேட்மேயர் என்ற கதைப் பட்டறை வைத்த பேர் அது. 1930இல் முதல் கதைகளை எழுதிக் கொடுத்தவர் மில்ட்ரெட் விர்ட் பென்சன், அப்புறம் பல பேர். 1927இல் வந்த ஹார்டி பாய்ஸ் துப்பறியும் கதைகளும் அதே பட்டறைச் சரக்கு. 1910இல் தொடங்கிய டாம் ஸ்விஃப்ட், விதவிதமாக இயந்திரம் கண்டுபிடிக்கிற பையன், அவனும் அங்கே பிறந்தவன்தான். அவனுடைய மின்துப்பாக்கியை நினைத்துத்தான் இன்றைக்கு வெளிநாட்டுப் போலீஸ் இடுப்பில் தொங்கும், மின்சாரம் பாய்ச்சி ஆளை மடக்குகிற டேசருக்கு அந்தப் பேரே வைத்தார்கள். அதனால் அரசலாற்றான் தம்பியைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். கதையைப் படித்துவிட்டு மின்சாரத்தில் கை வைத்த பெரியவர்களும் இருக்கிறார்கள்.

எனக்கென்று அனுபவம் ஏதும் இல்லை. தஞ்சாவூரில் எங்கள் வீட்டில் வாசலைத் தாண்ட விடமாட்டார்கள்.

வடகரைவாசி

ஆள் இருந்திருந்தால் மட்டும் என்ன எழுதியிருப்பார் என்கிறீர்கள்?

கொள்ளிடக்கரை

நான் கடைசித் தாள் இல்லாத கோஷ்டி. நூலகத்துக்கே விதி எழுதிய எஸ்.ஆர். ரங்கநாதன் 1892இல் பிறந்தது எங்கள் சீர்காழியில். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்று ஒரு விதி வைத்தார். கடைசித் தாளோடு என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். நான் எடுத்த கதையில் வைரத்தைத் திருடியது டாக்டரா, கணக்குப்பிள்ளையா என்ற இடத்தில் யாரோ கிழித்துவிட்டார்கள்.

மூன்று வருடம் கழித்து, பஸ் நின்ற இடத்தில் வேர்க்கடலை வாங்கினேன். பொட்டலத்தில் கொட்டை எழுத்தில், "ஆகவே குற்றவாளி நீங்கள்தான், டாக்டர்!" கடலையை மடியில் கொட்டிவிட்டுத் தாளை விரித்தேன். வேறு கதை. வேறு டாக்டர். பக்க எண் 95, பின்னால் 96. முற்றும் என்று போட்டிருந்தது. தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். முதல் 94 பக்கம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

அரசலாற்றான்

இங்கே எழுதியதை நேற்று ராத்திரி தம்பிக்கு அனுப்பினேன். அவனுக்கும் நாற்பத்தைந்து ஆகப்போகிறது. காலையில் ஒரே வரி வந்திருந்தது:

"அப்ப அப்பாயி ஏன் கையை மட்டும் பாத்துச்சு?"