புதுப்பிப்பு: அலுவலகத்தில் மேசை மேசையாக நன்கொடை வசூல் – நின்றுவிட்டது

யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று எழுதிய தாளை நீட்டி எங்கள் டீம் லீடர் நன்கொடை கேட்கிறார், முகம் கோணாமல் மறுப்பது எப்படி என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "புகாராகப் போகாதீங்க, விதி என்னன்னு மட்டும் எச்.ஆரிடம் (மனிதவளப் பிரிவு) கேளுங்க" என்ற யோசனை. எங்கள் பணியாளர் கையேட்டில் 'நன்கொடை' என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. 'பணியிடத்தில் வசூலும் விற்பனையும்' என்ற தலைப்பில் இருந்தது. வேலை நேரத்தில் கேட்கக்கூடாது, முன்அனுமதி வேண்டும், மேலதிகாரி தனக்குக் கீழே இருப்பவரிடம் கேட்கவே கூடாது. சம்பள உயர்வைத் தீர்மானிப்பவர் தாளை நீட்டினால் யார்தான் மறுப்பார்கள்?

யார் பெயரையும் சொல்லாமல் எல்லோருக்கும் ஒரு நினைவூட்டல் மெயில் போனது. அதோடு தாள் காணாமல் போனது. இப்போது சாப்பாட்டு அறையில் ஒரு மூடிய பெட்டி. விருப்பமுள்ளவர் போடலாம், யார் போட்டது என்று தெரியாது.

எதிர்பாராதது ஒன்று. பிறந்தநாள் கேக், பிரிவுபசாரப் பரிசு வசூலும் அதே விதியில் மாட்டிக்கொண்டன. ஒரு வசூலுக்கு விலக்கு கொடுத்தால் அடுத்ததை மறுக்க முடியாதாம். நியாயம்தான், ஆனால் கேக் போனதில் சிலருக்கு என்மேல் கடுப்பு (கேட்டது நான்தான் என்று எப்படியோ கசிந்துவிட்டது).

இதைத் தேடி வருகிறவர்கள் மின்னஞ்சல் பயன்பாட்டு விதியையும் பாருங்கள். எங்கள் கையேட்டில் குழு மெயிலில் வசூல் கேட்பதற்கான தடை அங்கேதான் இருந்தது.