வளைவுக்கு வேண்டாம், அறுத்த வலைக்குக் கொடுப்போம்

கீழத்தெரு, தோஹாவிலிருந்து:

வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்ச் சங்கத்து உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

பொருளாளர் அண்ணன் அனுப்பிய மடலைப் படித்தேன். ஊர் முகப்பில் ஒரு வளைவு, அதன் மேல் கடற்பசு சிலை, தூணில் பணம் கொடுத்தவர்கள் பெயர், மொத்தச் செலவு மூன்றரை லட்சம், ஆளுக்குப் பத்தாயிரம். பணம் தருகிறேன். ஆனால் வளைவுக்குத் தரமாட்டேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், மடல் கொஞ்சம் நீளும்.

தை மாதம் ஊரில் இருந்தேன். அம்மாவுக்கு மீன் வாங்க விடியக்காலையில் துறைக்குப் போனபோது ஒரு விசைப்படகிலிருந்து சங்காயத்தை, அதாவது விற்க முடியாத கழிவு மீனை, கூடை கூடையாகக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தேன். விரல் நீளம்கூட இல்லாத மீன் குஞ்சுகள், ஒரு ரூபாய்க் காசு அகலத்தில் நண்டுகள், நடுநடுவே வால் சுருண்டு கிடந்த கடல்குதிரைகள். எல்லாவற்றையும் பின்னிக்கொண்டு கடற்புல், மேலே இலை மட்டும் இல்லை, வேரும் தண்டும் சேறுமாகப் பிடுங்கி வந்திருந்தது. அத்தனையும் கோழித்தீவனத்துக்குப் போகிறது. குவியலின் ஓரத்தில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் கடல்குதிரைகளைப் பொறுக்கித் தகரத்தில் காய வைத்துக்கொண்டிருந்தான். எதுக்குடா என்றேன். "காஞ்சா காசு தருவாங்க" என்றான். அது 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கும் உயிர் என்று அவனுக்கு யார் சொல்வார்கள்? பக்கத்தில் நின்ற அவன் அம்மாவுக்கும் தெரியாது.

புல் போனால் போகட்டும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இறாலும் நண்டும் ஓரா மீனும் குஞ்சாக இருக்கும்போது ஒளிந்து வளர்வது அந்தப் புல்லுக்குள்தான். ஆவுளியா என்று நாம் சொல்லும் கடற்பசு மேய்வதும் அங்கேதான், நாளைக்கு முப்பது நாற்பது கிலோ. 2022 செப்டம்பரில் நம் பாக் விரிகுடாவில் அதிராம்பட்டினம் தொடங்கி அம்மாபட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசு காப்பகம் என்று அறிவித்தார்கள். இந்தியாவிலேயே இதுதான் முதல். அப்போது இந்தக் குழுவிலேயே "இனி கடலில் இறங்க விடமாட்டான்" என்று எத்தனை பேர் எழுதினீர்கள்! மீன்பிடிக்குப் புதிதாக எந்தத் தடையும் போடவில்லை. பழைய சட்டம்தான் இருக்கிறது. 1983 சட்டப்படி கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை நாட்டுப்படகுக்காரனுடையது. அந்த மூன்று மைலுக்குள் விசைப்படகில் வந்து மடி (இழுவலை) இழுப்பவர்கள் யார் என்று ஊருக்கே தெரியும். அந்தப் படகுகளில் சங்கத்து ஆட்களின் பங்கு இருப்பதும் தெரியும்.

அப்புறம் இன்னொரு சங்கதி. நண்டு வலைக்குப் போகும் என் மச்சான் வலையில் போன வாடைக்காற்றுக் காலத்தில் ஒரு ஆவுளியா விழுந்திருக்கிறது. அது மீன் இல்லை, சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விட வேண்டும். வலையில் சிக்கி அடியில் கிடந்தால் மூச்சுத் திணறியே செத்துவிடும். யோசிக்கவெல்லாம் நேரம் இல்லை. மச்சான் கத்தியை எடுத்து இருபது பாகத்துக்கு (பாகம் என்றால் ஆறடி) மேல் வலையை அறுத்து விட்டிருக்கிறார். அது உயிரோடு போய்விட்டது. வலை கடனில் வாங்கியது. யாரிடமும் சொல்லவில்லை, வனத்துறைக்கும் தகவல் இல்லை. ஆவுளியாவைக் கொன்றால் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறை. காப்பாற்றினவனையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்களோ என்று அவருக்குப் பயம். அக்கா என்னிடம் சொல்லி அழுததால்தான் எனக்கே தெரியும்.

ஆவுளியா பதின்மூன்று பதினான்கு மாதம் சுமந்து ஒரே ஒரு கன்று போடும். அடுத்த கன்றுக்கு மூன்று ஆண்டாவது ஆகும், ஏழும் ஆகலாம். அப்படிப்பட்ட ஒன்றைத் தன் கைக்காசில் காப்பாற்றின மனிதனுக்கு நம் சங்கம் என்ன செய்தது?

அதனால் கேட்கிறேன். ஒன்றரை லட்சத்தைத் தனியாக வைப்போம். ஆவுளியாவையோ ஆமையையோ விட வலை அறுத்தவர்களுக்கு மூன்று நாளில் வலைக்காசு கையில் கிடைக்க வேண்டும், மனு கினு இல்லாமல். விடும்போது கைபேசியில் ஒரு படம் எடுத்தால் போதும், வனத்துறைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே சொல்லிவிடலாம். மிச்சப் பணத்தில் பள்ளியில் வாரம் ஒருநாள் கடல் வகுப்பு. அதை வெளியாள் வந்து திரை போட்டு நடத்த வேண்டாம். நம் கடலில் வெகுதூரம் முழங்கால் தண்ணீர்தானே? வல்லத்தில், அதாவது நாட்டுப்படகில் போகும் பெரியவர்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் புல்லைக் காட்டட்டும். நண்டு எந்த மாதம் சினை, எதைத் திரும்ப விட வேண்டும், கொண்டல் காற்றில் நீவாடு (கடல் நீரோட்டம்) எப்படி ஓடும் என்று அவர்கள் வாயால் சொல்லட்டும். அதற்கு அவர்களுக்குச் சம்பளம் கொடுப்போம். கடலுக்குப் போகாத நாளுக்குக் கூலி வேண்டாமா?

தகரத்தில் குதிரை காயவைத்த பையனுக்கு வளைவு எதையும் சொல்லித்தராது.

*

மேலத்தெரு மாமா, கோலாலம்பூரிலிருந்து:

மகளே, எழுதியது சரி. ஆனால் எனக்கு முதலில் கஜா புயல் நிவாரணக் கணக்கு வேண்டும். 2018 நவம்பர் 16 புயல் அடித்தது, அந்த மாதமே மலேசியாவிலிருந்து நாங்கள் பணம் அனுப்பினோம். எத்தனை வல்லத்துக்கு எஞ்சின் வாங்கினார்கள், யாருக்குக் கொடுத்தார்கள், ரசீது எங்கே? மூன்று பொதுக்குழுவில் கேட்டுவிட்டேன். "நோட்டு நனைந்துவிட்டது" என்று ஒரு பதில், "பழைய செயலாளர் வீட்டில் இருக்கிறது" என்று இன்னொரு பதில். வலை நிதியானாலும் வளைவு நிதியானாலும் அதே கணக்கில் போட்டால் நான் ஒரு வெள்ளி தரமாட்டேன். தலைமையாசிரியரும் நாட்டுப்படகுத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடும் தனி வங்கிக் கணக்கு. மாதம் ஒருமுறை பாஸ்புத்தகப் பக்கத்தைப் படம் எடுத்து இந்தக் குழுவில் போட வேண்டும். மூன்று நாளில் வலைக்காசு என்கிறாய், சரி. அந்தப் பாகத்துக்கு என்ன விலை என்று கடை ரசீது இணைக்க வேண்டும். இதற்கெல்லாம் சம்மதம் என்றால் என் பெயரைப் போட்டுக்கொள்.

*

சிங்கப்பூர் சித்தப்பா:

வளைவைக் கேட்டது நான்தான், அதில் எனக்கு வெட்கம் இல்லை. தஞ்சாவூர் மாவட்டத்து மனோராவில் பன்னாட்டு கடற்பசு மையம் கட்டப்போவதாக அரசாங்கம் சொல்லியிருக்கிறது. உலகத்து ஆட்கள் எல்லாம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது நம்மூர் பெயர் அவர்கள் கண்ணில் பட வேண்டாமா? பக்கத்து ஊரான் வளைவு கட்டி மூன்று வருடமாகிறது. நம்மூர் பிள்ளை சென்னையில் போய் ஊர்ப்பெயர் சொன்னால் "அது எங்கே இருக்கு" என்று கேட்கிறார்கள்.

விசைப்படகுப் பங்கு பற்றி எழுதியது என்னைத்தான் என்று எனக்குத் தெரியும். பெயரைப் போட்டே எழுதியிருக்கலாம். உன் அப்பா வல்லம் கவிழ்ந்தபோது இரண்டு நாள் டீசல் ஊற்றித் தேடியது எந்தப் படகு? உன் அம்மாவைக் கேள்.

ஆவுளியாவைப் பற்றி எனக்குச் சொல்லித்தர வேண்டாம். எங்கள் அய்யா காலத்தில் வலையில் விழுந்தால் ஊரே பங்கு போடும். கறியைப் பனையோலையில் வைத்துக் கொடுப்பார்கள். நானும் தின்றவன்தான், அப்போது யாரும் தப்பு என்று சொன்னதில்லை. ஒருமுறை தாயும் கன்றுமாக விழுந்தது. கன்றை எடுத்து மணலில் போட்டிருந்தார்கள், வெகுநேரம் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தது. ஆத்தா அன்று கறியைத் தொடவில்லை. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அடுப்பில் ஏற்றியதே இல்லை. வளைவில் அதன் சிலையை வைக்க வேண்டும் என்று நான் கேட்டது அதனால்தான், படகுக்காரன் வேஷம் போடுகிறான் என்று நினைக்காதே.

*

கீழத்தெரு, தோஹாவிலிருந்து:

சித்தப்பா, அப்பாவைத் தேடியது உங்கள் படகுதான். அம்மா இன்றும் அதைச் சொல்வார், நானும் மறக்கவில்லை. அதற்காக அந்தப் படகு இப்போது எங்கே மடி இழுக்கிறது என்று கேட்காமல் இருக்க என்னால் முடியாது. உங்கள் பங்காளியிடம் மூன்று மைலுக்கு வெளியே இழுக்கச் சொல்லுங்கள். ஊரில் அவர் கேட்பது உங்கள் பேச்சு ஒன்றைத்தான். கன்று மணலில் கிடந்ததை எங்களுக்கு எழுதியதுபோல் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். அடுத்த விடுமுறையில் கடல் வகுப்பில் ஒருநாள் நீங்கள் வந்து பேச வேண்டும்.

மாமா, உங்கள் நிபந்தனை எல்லாவற்றுக்கும் சம்மதம். தலைமையாசிரியரிடம் நேற்றிரவு பேசினேன், தனிக் கணக்குத் தொடங்கத் தயார் என்றார். கஜா நோட்டு பழைய செயலாளர் வீட்டில் இருப்பது உண்மையானால், இந்த மாதம் ஊருக்குப் போகும் தம்பி ஒருவன் நேரில் போய்ப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துப் போடட்டும்.

என் பத்தாயிரம் வலைக்கு. மச்சானின் இருபது பாகத்தை முதல் கணக்காக எழுதச் சொல்லியிருக்கிறேன். மற்றவர்கள் எதற்குத் தருகிறீர்கள் என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.