கை நீட்டினால் புரிகிறதா? சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கைவேலிக்காரி:

சென்னையில் மடிப்பாக்கத்திலிருந்து திருவான்மியூருக்குத் தினமும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். போக 9, வர 9 கிலோமீட்டர் இருக்கும், 8 மாதமாகிறது. வெயில், தேங்கிய மழைத்தண்ணீர், மெட்ரோ வேலைக்காக ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் ரோட்டில்) வைத்திருக்கும் தடுப்புகள் எல்லாம் பழகிவிட்டன. இன்னும் பிடிபடாதது ஒன்றுதான், நான் எந்தப் பக்கம் திரும்பப்போகிறேன் என்பதைப் பின்னால் வருகிறவருக்கு எப்படிச் சொல்வது.

போன செவ்வாய்க்கிழமை காலை விஜயநகர் பாலத்துக்கு அடியில் தரமணி ரோட்டுக்காக ரைட் எடுக்க வேண்டும். முறையாக வலது கையை நேராக நீட்டினேன். அதே நொடியில் எனக்கும் பக்கத்தில் வந்த காருக்கும் நடுவே ஒரு பைக் புகுந்தது. அதன் கண்ணாடி என் மணிக்கட்டில் இடித்து 2 வளையல் உடைந்துவிட்டன, சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடி எப்படியோ நின்றது. அந்தப் பையன் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்து "கையை எதுக்குக்கா நீட்டுனீங்க?" என்றான். சண்டைக்கு வரவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டான். அடி பட்டதைவிட அந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

பீளமேடு 2 சக்கரம்:

அக்கா, கை நீட்டுவதற்கு முன்னால் திரும்பிப் பார்த்தீர்களா? நான் கோவையில் ஹோப் காலேஜிலிருந்து லட்சுமி மில்ஸ் வரை அவினாசி ரோட்டில் 6 வருஷமாக ஓட்டுகிறேன், மேம்பால வேலை நடந்து ரோடு பாதியாகச் சுருங்கிக் கிடந்த காலத்திலும் ஓட்டியிருக்கிறேன். என் அனுபவத்தில் கையைவிடத் தலைதான் முதலில் பேசுகிறது. தலையை நன்றாகத் திருப்பிப் பின்னால் வருகிறவர் முகத்தைப் பார்த்தால் போதும், "இவன் என்னமோ பண்ணப்போறான்" என்று அவருக்கே தோன்றிவிடும், ஆக்சிலேட்டரில் கை லேசாகத் தளரும். அந்தத் தளர்வு தெரிந்த பிறகுதான் கையை எடுக்க வேண்டும்.

அப்புறம், கையை விறைப்பாகத் தோள் உயரத்துக்கு நீட்ட வேண்டாம். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, உள்ளங்கை தரையைப் பார்க்கிற மாதிரி, லேசாக அமர்த்துங்கள். சாப்பாட்டுப் பந்தியில் போதும் போதும் என்று இலைக்கு மேல் கையை வைப்போமே, அதே கைதான். இந்தக் கை நம் ஊரில் பார்க்கிற எல்லாருக்கும் புரிகிறது. கூடவே வாயைத் திறந்து "அண்ணா, ரைட்டுங்க!" என்று ஒரு குரல் கொடுங்கள். ஹெல்மெட் போட்டவருக்கும் கண்ணாடி ஏற்றிய காருக்கும் மணிச்சத்தம் சுத்தமாகக் கேட்காது. நடந்து போகிறவருக்கு மட்டும்தான் மணி, அதையும் தூரத்திலேயே ஒரு தடவை அடித்துவிட வேண்டும். முதுகுக்குப் பின்னால் போய் அடித்தால் அவர் பதறி நம் பக்கமே குதிப்பார். ஒரு பெரியவர் என் முன் சக்கரத்தின் மேலேயே வந்து விழுந்தார், அதில் கற்றுக்கொண்டது.

டிரைவர் தாத்தா:

நான் 27 வருஷம் டவுன் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவன். அம்மா, அந்தப் பையன் கேட்டதில் ஒரு விஷயம் இருக்கிறது. லைசென்ஸ் எடுக்கும்போது கை சிக்னல் எல்லாரும் படிக்கிறார்கள், அடுத்த வாரமே மறந்துவிடுகிறார்கள். 1989-ல் வந்த சாலை விதிகளில் லெஃப்ட் திரும்பவும் வலது கையைத்தான் வெளியே நீட்டி இடஞ்சுழியாகச் சுற்றச் சொல்லியிருந்தது, ஏனென்றால் டிரைவர் வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறார். சைக்கிள்காரர் இடது கையை நீட்டினால் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான், பல டிரைவர்களுக்கு அது படித்த பாடத்தில் இல்லை.

பஸ் பக்கத்தில் ஓட்டுகிறவர்களுக்கு மூன்று விஷயம் சொல்லியே ஆக வேண்டும், நான் பார்த்த ரத்தம் போதும். பஸ்ஸின் கண்ணாடியில் என் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்கள் எனக்குத் தெரியவில்லை என்று அர்த்தம், அப்போது நீங்கள் கை காட்டியும் பயன் இல்லை, மணி அடித்தும் பயன் இல்லை. இடது பக்கம் முன் படிக்கட்டை ஒட்டி ஒரு சைக்கிள் முழுதாக மறைந்துபோகும். இரண்டாவது, பஸ் லெஃப்ட் திரும்புவதற்கு முன்னால் கொஞ்சம் வலது பக்கம் ஒதுங்கும். வழி விடுகிறார் என்று நினைத்து அந்தச் சந்தில் நுழையாதீர்கள், பின் சக்கரம் சந்தை அப்படியே அடைத்துக்கொண்டு வரும்.

மூன்றாவது விசில். ஸ்டாப்பில் நிற்கிற பஸ்ஸை வலது பக்கமாகத் தாண்டப்போகிறீர்கள், கண்டக்டரின் இரட்டை விசில் கேட்கிறது, அங்கேயே பின்னால் நின்றுவிடுங்கள். விசில் கேட்டதும் வண்டியை வலது பக்கம் எடுக்கத்தான் டிரைவர் கை போகும். டிரைவர் வலது கையை வெளியே விட்டு மேலும் கீழும் அசைத்தால் வேகத்தைக் குறைக்கிறேன், நீயும் குறை என்று அர்த்தம், முன்பக்கமாக வீசினால் போ. நான் கை வீசினால் சைக்கிள்காரர் போகிற போக்கில் ஒரு கையைத் தூக்கிவிட்டுப் போவார், அது எனக்குப் பிடிக்கும்.

புதுகை மகள்:

என் அம்மா 1992-ல், புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது சைக்கிள் கற்றுக்கொண்டவர். கிராமத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கற்ற சமயம் அது. அம்மா இன்றைக்கும் கை காட்ட மாட்டார், ஒவ்வொரு சந்து முனையிலும் "வர்றேன் வர்றேன்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே திரும்புவார். சின்ன வயதில் பின்னால் உட்கார்ந்துகொண்டு எனக்குக் கூச்சமாக இருக்கும். இப்போது நானும் அதையேதான் செய்கிறேன், முக்கியமாக நிறுத்தியிருக்கிற வேன்களுக்கு நடுவிலிருந்து வெளியே வரும்போது.

நைட் ஷிஃப்ட், திருப்பூர்:

ராத்திரி ஓட்டுகிறவர்களுக்குக் கையும் இல்லை முகமும் இல்லை, வெளிச்சம் மட்டும்தான் மொழி. பனியன் கம்பெனி வேலை முடிந்து 11 மணிக்கு மேல்தான் வீட்டுக்குக் கிளம்புவேன். எதிரில் வருகிறவர் ஹெட்லைட்டை இரண்டு தடவை மினுக்கினால் "நீ போ" என்று நினைத்து ஒருமுறை ரோட்டைக் கடந்துவிட்டேன். அந்த வண்டிக்கும் என் பின் சக்கரத்துக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. நம் ஊரில் மினுக்கினால் "நான் வர்றேன், நீ நில்லு". இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. லாரிக்குப் பின்னால் போகும்போது அவர் ரைட் இண்டிகேட்டர் போட்டால் இன்னும் குழப்பம், சிலர் ஓவர்டேக் பண்ணச் சொல்லிப் போடுகிறார்கள், சிலர் நிஜமாகவே திரும்புகிறார்கள். நான் எப்போதும் திரும்பப்போகிறார் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

டைனமோ லைட் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள், டயரில் உரசுகிற டைனமோவில் சக்கரம் நின்றால் லைட்டும் நின்றுவிடும். ரோட்டு நடுவில் திரும்பக் காத்திருக்கும்போது, ஆள் தெரிய வேண்டிய அந்த இடத்தில்தான், இருட்டாக நிற்போம். சீட்டுக்கு அடியில் பேட்டரி சிவப்பு லைட் ஒன்று கட்டாயம் வேண்டும். மழைக்கோட்டோ பையோ அதை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், நான் 3 மாதம் டிபன் பையால் மறைத்துக்கொண்டே ஓட்டியிருக்கிறேன்.

பீளமேடு 2 சக்கரம்:

இரட்டை விசில் தினமும் காதில் விழுகிறது, அதை எனக்கான செய்தியாக ஒருநாளும் எடுத்துக்கொண்டதில்லை. நன்றி ஐயா.

கைவேலிக்காரி:

எல்லாருக்கும் நன்றி. 2 வாரம் கழித்து எழுதுகிறேன். தலையைத் திருப்பிப் பார்ப்பதற்கே முதலில் வீட்டுத் தெருவில் பழக வேண்டியிருந்தது, திரும்பினால் ஹேண்டில்பாரும் கூடவே வலது பக்கம் இழுக்கிறது. தாடையைத் தோளில் வைக்கிற மாதிரி திருப்பினால் சைக்கிள் நேராகப் போகிறது. அந்தப் பந்திக் கை அருமையாக வேலை செய்கிறது. ஆட்டோக்காரர்கள் உடனே புரிந்துகொள்கிறார்கள், அவர்களும் கையை வெளியே விட்டு ஓட்டுகிறவர்கள்தானே. செல்போனைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறவர்களிடம் மட்டும் எதுவும் செல்லுபடியாகவில்லை, முகம் கீழே இருந்தால் நான் திரும்புவதே இல்லை, ஓரமாக இறங்கித் தள்ளிக்கொண்டு கடக்கிறேன்.

நேற்று அதே விஜயநகரில் எனக்குப் பின்னால் தண்ணி லாரி. கண்ணாடியில் டிரைவர் முகம் தெரிகிறதா என்று தேட வேண்டியிருக்கவில்லை, பின்னால்தான் இருந்தார், திரும்பிப் பார்த்தேன், அவரும் பார்த்தார். கையை அமர்த்தி "அண்ணா, ரைட்டு" என்றேன், சத்தம் கேட்டிருக்காது, வாய் அசைந்தது தெரிந்திருக்கும். அவர் வலது கையை முழுசாக வெளியே விட்டு மேலும் கீழும் அசைத்தார். எனக்கு இல்லை, தனக்குப் பின்னால் வந்த பைக்குகளுக்கு. அத்தனையும் நின்றன. நான் திரும்பி முடித்து, டிரைவர் தாத்தா சொன்ன மாதிரி ஒரு கையைத் தூக்கினேன். அவர் ஒரு சின்ன ஹாரன் அடித்துவிட்டு நேராகப் போனார்.