17ஆவது நிமிடத்தில் உறையும் டிவிடி: மெருகேற்றினால் சரியாகுமா?

டோக்கியோவில் வசிக்கிறேன். போன மாதம் ஒரு பழைய பொருள் கடையில் ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் மக்கோதோ ஷின்காயின் ‘ஹோஷி நோ கோஏ’ டிவிடி வாங்கினேன். வேற்றுக்கிரக உயிர்களோடு நடக்கும் போரைப் பற்றிய, 2002இல் வந்த 25 நிமிடப் படம். கிட்டத்தட்டத் தனியொருவராக வீட்டுக் கணினியில் அவர் உருவாக்கியது என்பதாலேயே எனக்கு உயிர்.

17ஆவது நிமிடத்தில் படம் சதுரம் சதுரமாகச் சிதறி நின்றுவிடுகிறது. தொலைதூர சிரியஸ் விண்மீனிலிருந்து நாயகி மிகாகோ அனுப்பிய செய்தி எட்டு ஆண்டுகள் கடந்து வந்து சேரும் அந்தக் கடைசிப் பகுதியைப் பார்க்கவே முடியவில்லை.

மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்தேன். இரண்டு பிளேயர்கள், ஒரு மடிக்கணினி, எல்லாவற்றிலும் அதே இடம். கணினியில் நகலெடுப்பதும் அங்கேயே நிற்கிறது. வட்டின் அடிப்பக்கத்தில், தரவு பதிந்திருக்கும் சுருள் தடத்தை ஒட்டி வளைவாக ஒரு கீறல். நகத்தில் லேசாகத் தட்டுப்படுகிறது.

இவ்வளவு ஆழமான வளைவுக் கீறலை இங்குள்ள கடைகளில் இயந்திரத்தால் மெருகேற்றிச் சரிசெய்தவர் யாராவது உண்டா?