மொரிஸ் மைனர் வயரிங்: புலெட் முனை கழல்வதில்லை, வயர்தான் அறுந்து வருகிறது

மைனர்64:
எல்லோருக்கும் வணக்கம். அப்பப்பாவின் 1964 மொரிஸ் மைனர் காரைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். தகர வேலையும் பெயின்ற்றும் முடிந்து இப்போது வயரிங்கில் வந்து நிற்கிறேன்.

வலது சிக்னலைப் போட்டால் அந்தப் பக்கத்துச் சைட் லைற்றும் கூடவே மங்கி மங்கி எரிகிறது. ஹெட்லைற்றின் வெளிச்சம் மெழுகுதிரி அளவுதான். முன்பக்கம் வயர்கள் வந்து கூடும் இடத்தில், கறுப்பு றப்பர் குழாய்களுக்குள் புலெட் முனைகள், அதாவது வயர் நுனியில் உள்ள குண்டு வடிவ உலோக முனைகள், செருகியிருக்கின்றன. கழற்றித் துடைப்போம் என்று பிளையரால் பிடித்து இழுத்தேன். நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட வயர் கையோடு வந்துவிட்டது, புலெட் உள்ளேயே இருக்கிறது. இன்னும் பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன, தொடவே பயமாக இருக்கிறது.

அதோடு ஹெட்லைற்றுக்குப் பின்னால் உள்ள மூன்று பின் பிளக் ஒரு மூலையில் உருகியிருக்கிறது. அதற்குள் வயர் நுனியில் இருக்கும் தகட்டை எப்படி வெளியே எடுப்பது?

சைக்கிள்காரன்:
முதலில் பற்றரி நெகற்றிவைக் கழற்றி வையுங்கள். பிறகு எல்லா முனைகளுக்கும் டபிள்யூடி-40 அடித்து ஒரு இரவு ஊறவிடுங்கள்.

பழைய ஸ்பானர்:
ஊற வைப்பது சரி. நெகற்றிவ் கதையை மட்டும் அப்படியே எடுக்க வேண்டாம் தம்பி. அந்தக் காலத்து மைனரில் பொடியோடு, அதாவது காரின் உடல் தகரத்தோடு, சேர்வது பொசிற்றிவ். யாரும் இடையில் மாற்றியிருக்கவும் கூடும், ஆகவே கண்ணால் பார்த்து, பொடிக்குப் போகும் கேபிள் எதுவோ அதை முதலில் கழற்று. அப்போதுதான் ஸ்பானர் தவறித் தகரத்தில் பட்டாலும் பொறி பறக்காது.

இனி புலெட். வயரைப் பிடித்து இழுக்கவே கூடாது. அறுபது வருடத்து வயர், உள்ளே செம்பு கறுத்து முறுகிப்போய் இருக்கும். றப்பருக்குள் பிளந்த ஒரு உலோகக் குழாய் இருக்கிறது. இரு பக்கத்திலிருந்தும் புலெட்டுகள் அதற்குள்தான் இறங்கி நிற்கின்றன. றப்பரின் வாயை நகத்தால் கொஞ்சம் பின்னுக்குச் சுருட்டினால் புலெட்டின் அடி விளிம்பு தெரியும். மொட்டையான கட்டிங் பிளையரின் வாயை அந்த விளிம்புக்கும் குழாய்க்கும் இடையில் வைத்து மெல்ல அமத்து. வாயின் சரிவு ஆப்பு மாதிரி வேலை செய்து புலெட்டை வெளியே தள்ளும். வெட்டுவதில்லை, நெம்புவதுதான்.

அதற்கும் அசையாவிட்டால் றப்பரை நீட்டுவாக்கில் பிளேட்டால் கீறி எறி. குழாயின் பிளவுக்குள் சின்ன ஸ்குறூ டிறைவரை விட்டு அகட்டினால் புலெட் தானாக விழும். றப்பர் குழாய் புதிதாக வாங்கலாம், வயர் கட்டையானால் இழுத்து நீட்ட முடியாது. அறுந்த நீல-வெள்ளைக்கும் இதே வழிதான். அது ஹை பீம் வயர், இரண்டு லைற்றுக்கும் பிரியும் இடம். நீல-சிவப்பு டிம். இரண்டையும் குழப்பிவிடாதே, கழற்ற முதல் ஒரு படம் எடுத்து வை.

சிக்னலோடு சைட் லைற்றும் மங்குவது எர்த் கோளாறு, அதாவது கரன்ற் பொடி வழியாகப் பற்றரிக்குத் திரும்பும் இணைப்பின் கோளாறு. முன் லைற்றில் இரண்டுக்கும் எர்த் ஒன்றுதான். அது சரியாகப் பொடியைத் தொடாதபோது கரன்ற் மற்றப் பல்புக்குள்ளால் வழி தேடும். எர்த் வயர் கறுப்பு, ஆகவே கறுப்பு வயர் புலெட்டுகளிலிருந்து தொடங்கு.

மைனர்64:
நன்றி அண்ணை. கறுப்பு வயர்கள் இருந்த நான்கு வாய்க் குழாயைக் கீறிப் பார்த்தேன். உள்ளே முழுக்கப் பச்சைக் களிம்பு. ஒரு விசயம் விளங்கவில்லை. இரண்டு புலெட்டுகள் மற்றவற்றைவிட மெலிவாக இருக்கின்றன, கழற்றாமலே உருவிக்கொண்டு வந்தன. ஒன்று கருகியும் இருக்கிறது.

பழைய ஸ்பானர்:
அப்ப கள்ளன் பிடிபட்டான். யாரோ மோட்டார் சைக்கிள் கடையில் ஜப்பான் புலெட் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். அது 4 மில்லிமீற்றர் அளவு, உன் காரில் உள்ள லூக்காஸ் கம்பனிப் புலெட் 4.7. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், ஆனால் குழாய்க்குள் ஆடும். ஆடினால் சூடேறும், சூடேறினால் களிம்பு பிடிக்கும், களிம்பு பிடித்தால் இன்னும் சூடேறும். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் ஓடிய கார்களுக்குக் கிடைத்ததைப் போட்டுத்தான் ஓட்டினோம், அந்த மனிதரைக் குறை சொல்லமாட்டேன்.

நல்ல புலெட்டுகளைத் தேசிப்புளியில் பத்து நிமிடம் போட்டு, அப்பச்சோடாத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிடு. பூட்டும்போது வாஸ்லின் ஒரு துளி.

ஊசிமுனை:
மூன்று பின் பிளக்குக்கு நான் பதில் சொல்கிறேன். தகட்டின் முதுகில் சின்ன நாக்கு ஒன்று நிமிர்ந்து நிற்கும். அது பிளாஸ்ரிக்கின் படியில் மாட்டுவதால்தான் தகடு பின்னுக்கு வருவதில்லை. முதலில் வயரை உள்ளுக்குத் தள்ளுங்கள், நாக்கின் மேலுள்ள இறுக்கம் விடும். பல்ப் செருகும் பக்கத்தால் மெல்லிய கருவி ஒன்றை விட்டு நாக்கை அமத்திக்கொண்டு, வயரைப் பின்னால் எடுங்கள். நான் பாவிப்பது சைக்கிள் ஸ்போக். நுனியைச் சுத்தியலால் தட்டையாக்கி அரத்தால் தேய்த்தது. பழைய பிளாஸ்ரிக் வெடிக்கும், முதலில் கொதிநீரில் நனைத்த துணியைச் சுற்றிச் சூடாக்குங்கள்.

திரும்பச் செருக முதல் நாக்கை நிமிர்த்த மறந்துவிடாதீர்கள். நான் மறந்து, பல்பைச் செருகும்போது தகடு பின்னால் தள்ளுப்பட்டு, ஒரு ஞாயிறு முழுக்க ஃபியூஸைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். பைத்தியக்கார வேலை.

மைனர்64:
ஸ்போக் வேலை செய்தது! தகடு வந்துவிட்டது, ஆனால் பிளக் இனி ஆகாது, புதிது போடுகிறேன். கறுப்பு வயர்களைத் துடைத்துப் பூட்டியதும் சைட் லைற் மங்குவது நின்றது. சரியான அளவு புலெட் எங்கே எடுக்கலாம்?

பழைய ஸ்பானர்:
கொழும்பு போகிறவர்களிடம், வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் கேட்டுப் பார்க்கச் சொல். மாதிரிக்கு ஒரு பழையதைக் கொடுத்துவிடு, வாயால் சொன்னால் ஜப்பான் அளவைத்தான் தருவார்கள். அறுந்த வயரின் புலெட்டையும் எறியாதே. நுனியில் துளை இருந்தால் அது ஈயம் பற்றவைத்த வகை. சோல்டரிங் அயனால் சூடாக்கி உள்ளே உள்ள துண்டு வயரை எடுத்துவிட்டு, அதிலேயே திரும்பப் பற்றவைக்கலாம்.